ஒரே யூனிட், ஒரே நாள், நான்கு விலைகள்

கேள்வி: நான் இராயபுரம் கல்மண்டபம் அருகே வசிக்கிறேன். வணிகக் கப்பலில் மின்பிரிவில் வேலை பார்த்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்று ஊரோடு தங்கிவிட்டேன். கப்பலில் இருந்த காலத்தில், 2007 டிசம்பர் கடைசி வாரத்தில், அமெரிக்க புரோக்கர் ஒருவர் மூலம் ஐஷேர்ஸ் எம்எஸ்சிஐ எமர்ஜிங் மார்க்கெட்ஸ் ஈடிஎஃப் என்ற, ஒரு பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் 10 யூனிட்டுகளை, யூனிட் சுமார் 150 டாலர் என்ற விலையில் வாங்கினேன். வாங்கியதற்கான ரசீதான காண்ட்ராக்ட் நோட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 2012-இல் எம்.சி. ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் பழைய விலைப்பட்டியலை எடுத்து வைத்தேன். அதில் நான் வாங்கிய நாளின் விலை ஓர் இடத்தில் 50 டாலர் என்றும், பக்கத்துக் கட்டத்தில் 46 டாலரை ஒட்டியும் இருந்தது. 2025 தொடக்கத்தில் என் மகள் அதே பட்டியலை 2024 டிசம்பர் வரைக்கும் எடுத்துத் தந்தாள். அதே நாளுக்கு 50 அப்படியே இருக்கிறது, ஆனால் 46 இருந்த இடத்தில் 35 டாலரை ஒட்டிய ஓர் எண் இருக்கிறது. நடந்து முடிந்த ஒரு நாளின் விலை எப்படி மாறும்? 150 கொடுத்து வாங்கியது பட்டியலின் கடைசி நாளில் 42-க்கு வந்து நிற்கிறது என்றால் நான் முக்கால்வாசிப் பணத்தை இழந்துவிட்டேனா? வருமான வரிப் படிவம் நிரப்புபவர் ‘வாங்கிய விலை, உச்ச விலை’ என்று கேட்கிறார். எதைக் கொடுப்பது? இதை இனியும் வைத்திருக்கலாமா?

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தோடு வந்த மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதலில் உங்கள் மனத்தில் உள்ள பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் முக்கால்வாசிப் பணத்தை இழக்கவில்லை. உங்களை யாரும் ஏமாற்றவும் இல்லை. காண்ட்ராக்ட் நோட்டில் உள்ள 150, பட்டியலில் உள்ள 50, பழைய தாளின் 46, புதிய தாளின் 35 ஆகிய நான்குமே சரியான எண்கள்தான். ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. ஒரு கேள்விக்கான விடையை இன்னொரு கேள்விக்குப் பொருத்திப் பார்த்ததால்தான் குழப்பம் வந்திருக்கிறது.

150 எப்படி 50 ஆனது என்பது எளிது. இந்த நிதி 2003 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. அதன் யூனிட் விலை மளமளவென்று ஏறியதால், சிறு முதலீட்டாளருக்கு எட்டும் விலையில் வைத்திருப்பதற்காக 2005-இல் ஒரு முறையும் 2008 ஜூலையில் இன்னொரு முறையும் ஒரு யூனிட்டை மூன்றாகப் பிரித்தார்கள். காசிமேட்டு ஏலத்தில் ஒரு பெரிய கூடை மீனை மூன்று சிறு கூடைகளாக மாற்றி வைத்தால் கூடையின் விலைதான் மூன்றில் ஒரு பங்காகுமே தவிர, மீன் குறையாது. நீங்கள் 2007 டிசம்பரில் வாங்கியபின் ஒரே ஒரு பிரிப்பு நடந்திருக்கிறது. ஆகவே உங்கள் 10 யூனிட்டுகள் 2008 ஜூலைக்குப் பிறகு 30 யூனிட்டுகளாகியிருக்க வேண்டும். புரோக்கர் அனுப்பும் இப்போதைய கணக்கு அறிக்கையில் 30 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய தாள்களில் அந்த அறிக்கை இல்லை. உங்கள் கவலை முழுவதும் விலையில் இருந்ததால் எண்ணிக்கையைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இப்படி விடுவது மிகவும் சாதாரணம்.

பட்டியலைத் தயாரிப்பவர்கள், பிரிப்பு நடந்த மறுநாளே அதற்கு முந்தைய எல்லா நாட்களின் விலையையும் மூன்றால் வகுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வரைபடத்தில் 2008 ஜூலையில் ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது போன்ற பொய்யான பள்ளம் தெரியும். எனவே பட்டியலில் ‘குளோஸ்’ என்ற தலைப்பின்கீழ் இருக்கும் 50 டாலர், அன்று நியூயார்க் சந்தையில் எவரும் கொடுக்காத விலை. அன்று கைமாறியது 150-தான். இன்றைய யூனிட் அளவில் சொன்னால் 50. ‘குளோஸ்’ என்றால் அன்றைய உண்மையான முடிவு விலை என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான இலவசப் பட்டியல்களில் அது ஏற்கெனவே பிரிப்புக்காகத் திருத்தப்பட்ட விலை.

இனி 46-உம் 35-உம். உங்கள் கேள்வியில் மிகவும் நுட்பமான பகுதி இது. தணிக்கையாளர்களே இதில் இடறுவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இடறியிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் வாங்கிய விலையாக இந்தக் கட்டத்தின் எண்ணை எடுத்து எழுதிவிட்டேன். படிவத்தை அனுப்புவதற்கு முந்தைய இரவு, பழைய காண்ட்ராக்ட் நோட்டோடு ஒப்பிட்டபோதுதான் தவறு தெரிந்தது.

இந்த நிதி தன் கையில் உள்ள பங்குகளிலிருந்து வரும் லாபப் பங்கான டிவிடெண்டைச் சேர்த்துவைத்து, வழக்கமாக ஜூன் மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும் யூனிட்தாரர்களுக்குக் கொடுக்கிறது. கொடுக்கும் பணம் நிதியை விட்டு வெளியே போய்விடுவதால், அந்த நாளில் யூனிட் விலை அதே அளவு இறங்கும். முந்தைய நாள் 40 டாலரில் முடிந்த யூனிட் மறுநாள் 50 சென்ட் டிவிடெண்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் வேறு எதுவுமே நடக்காவிட்டாலும் விலை 39.50-க்கு இறங்கிவிடும். விலையை மட்டும் பார்ப்பவருக்கு இது நட்டம். பணம் கணக்கில் வரவானவருக்கு நட்டமே இல்லை. இந்தப் பொய்யான இறக்கத்தை நீக்குவதற்காக ‘அட்ஜஸ்டட் குளோஸ்’ என்ற கட்டத்தில், அந்த நாளுக்கு முந்தைய எல்லா விலைகளையும் 39.50-ஐ 40-ஆல் வகுத்து வரும் 0.9875-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். 50 டாலராக இருந்த ஒரு பழைய நாளின் விலை 49.38 ஆகிறது. அடுத்த டிவிடெண்ட் வரும்போது அந்த 49.38 இன்னொரு முறை சுருங்குகிறது.

நீங்கள் வாங்கியதற்கும் 2012-க்கும் இடையே சில டிவிடெண்டுகள் வந்தன. 50 என்பது 46 ஆனது. 2012-க்கும் 2024 முடிவுக்கும் இடையே ஏறக்குறைய ஆண்டுக்கு இரண்டு முறை வீதம் இன்னும் பல டிவிடெண்டுகள் வந்தன. அதே 46 மேலும் சுருங்கி 35-ஐ ஒட்டி வந்துவிட்டது. வரும் டிசம்பருக்குப் பிறகு மீண்டும் எடுத்துப் பார்த்தால் அது இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கும். நடந்து முடிந்த நாளின் விலை எப்படி மாறும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த நாளில் நடந்தது எதுவும் மாறவில்லை. அந்தக் கட்டத்தில் இருப்பது பதிவேட்டு எண்ணே அல்ல, பட்டியலை எடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடப்படும் கணக்கு. எடுக்கும் நாள் மாறினால் விடையும் மாறுகிறது. இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்த அட்ஜஸ்டட் குளோஸ் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது.

அப்படியானால் 35 என்ற எண்ணால் என்ன பயன்? ஒரே நாளில் எடுத்த ஒரே பட்டியலுக்குள் மட்டும் அதற்கு மிகப் பெரிய பயன் உண்டு. அந்த நாளில் வாங்கி, வந்த டிவிடெண்டு முழுவதையும் அதே நிதியில் உடனுக்குடன் திரும்பப் போட்டிருந்தால் மொத்த வளர்ச்சி எவ்வளவு இருந்திருக்கும் என்பதை 42-ஐ 35-ஆல் வகுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லாபம், அதுவும் 17 ஆண்டுகளில். ஆனால் நீங்கள் அப்படித் திரும்பப் போடவில்லை, டிவிடெண்ட் புரோக்கர் கணக்கிலேயே பணமாகக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அத்துடன், இந்தியாவில் வசிப்பவருக்கு அமெரிக்க நிதி தரும் டிவிடெண்டில் இந்திய அமெரிக்க வரி உடன்படிக்கைப்படி 25 விழுக்காடு அங்கேயே பிடித்தம் செய்யப்படுகிறது. அட்ஜஸ்டட் குளோஸ் கணக்கில் இந்தப் பிடித்தம் சேர்வதில்லை. ஆகவே அந்த ஐந்தில் ஒரு பங்கு லாபமும் உங்களுக்கு உரியதல்ல. அது வரியே கட்டாத ஒரு கற்பனை முதலீட்டாளரின் லாபம்.

உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பட்டியல் முடியும் 2024 டிசம்பர் முடிவையே எல்லையாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் போட்டது 10 யூனிட், தலா 150 டாலர் வீதம் 1,500 டாலர். 2024 முடிவில் இருப்பது 30 யூனிட், தலா 42 டாலர் வீதம் 1,260 டாலர். டாலர் கணக்கில் 240 டாலர் குறைவு, அதாவது 16 விழுக்காடு. முக்கால்வாசி அல்ல. இந்தக் குறைவை ஈடுசெய்ய, 17 ஆண்டுகளில் புரோக்கர் கணக்கில் சேர்ந்த டிவிடெண்டு தனியே இருக்கிறது. ரூபாயில் பார்த்தால் காட்சி வேறு. 2007 முடிவில் ஒரு டாலர் 39 ரூபாய் 40 காசு அளவில் இருந்தது. 2024 முடிவில் 85 ரூபாய் 60 காசு அளவுக்கு வந்துவிட்டது. அன்று சுமார் 59,000 ரூபாய் மதிப்புள்ளதாக இருந்த உங்கள் முதலீடு, டிவிடெண்டைச் சேர்க்காமலே சுமார் 1,08,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நிதி உங்களுக்கு இதைச் சம்பாதித்துத் தரவில்லை. ரூபாயின் வீழ்ச்சி தந்த பெருக்கம் இது. அதே 59,000 ரூபாயை 7.5 விழுக்காடு கூட்டு வட்டியில் வங்கி வைப்பில் போட்டிருந்தால், வட்டி மீதான வரியைக் கழிக்காமல், 2 லட்சம் ரூபாயைத் தாண்டியிருக்கும். நிஃப்டி குறியீடு 2007 முடிவில் 6,138. 2024 முடிவில் 23,644. அதாவது ஏறக்குறைய 3.85 மடங்கு. உங்கள் நிதியின் விலை ரூபாயில் 1.8 மடங்கு. இரண்டுமே டிவிடெண்டு சேராத விலைகள் என்பதால் இந்த ஒப்பீடு நியாயமானது. நிஃப்டியின் டிவிடெண்டு சேர்ந்த கணக்கை உங்கள் நிதியின் வெறும் விலையோடு ஒப்பிட்டுக் காட்டி யாராவது பேசினால், அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவு மோசமான 17 ஆண்டுகளா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓரளவு ஆம், ஓரளவு நீங்கள் வாங்கிய நாளின் பலன். உங்கள் நிதி பின்பற்றும், எம்எஸ்சிஐ நிறுவனம் வெளியிடும் வளர்ந்துவரும் சந்தைகள் குறியீடு 2003-இலிருந்து 2007 வரையான ஐந்து ஆண்டுகளில், டிவிடெண்டு சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்து மடங்கு ஏறியது. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகிய நாடுகளைச் சேர்த்து ‘பிரிக்’ என்ற பெயரை கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தின் ஜிம் ஓ’நீல் 2001-இல் சூட்டியிருந்தார். 2007-க்குள் அந்தச் சொல் எல்லோர் வாயிலும் இருந்தது. கப்பலில் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இதையே பேசிக்கொண்டிருந்ததாக நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். குறியீட்டின் விலை 2007 அக்டோபர் இறுதியில் 1,338 என்ற உச்சத்தைத் தொட்டது. நீங்கள் வாங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்து, இன்னும் உச்சத்தின் நிழலிலேயே. ஓராண்டுக்குள், 2008 அக்டோபரில், அது 454-ஐ ஒட்டிய நிலைக்கு விழுந்தது. 2007-இன் உச்சத்தை மீண்டும் தொட 2021 தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொட்டபின் மறுபடியும் இறங்கியது. 2003-இல் வாங்கிய ஒருவர் இதே பட்டியலை எடுத்துப் பார்த்தால் மகிழ்ச்சியோடு எனக்குக் கடிதம் எழுதுவார். 2009 தொடக்கத்தில் வாங்கியவரும் அப்படியே. முடிவு நாளுக்கும் இதே கதைதான். 2025-இல் இந்த நிதி நன்றாக ஏறி, யூனிட் விலை 50 டாலரைக் கடந்தது. ஓராண்டு சேர்ந்ததும் உங்கள் டாலர் நட்டக் கணக்கு காணாமல் போய்விட்டது. ஆகவே எவராவது ‘இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு’ என்று ஒரே ஓர் எண்ணைக் காட்டினால், தொடங்கிய நாளும் முடித்த நாளும் எது, அவற்றை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள்.

பழைய விலைகளைப் படிப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இன்னோர் இடம் சராசரி. டிவிடெண்டு உட்பட, இந்தக் குறியீடு 2008-இல் சுமார் 53 விழுக்காடு இறங்கியது. 2009-இல் சுமார் 79 விழுக்காடு ஏறியது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 13 விழுக்காடு லாபம் என்று அழகான எண் வரும். ஆனால் 100 ரூபாய் போட்டவர் கையில் முதலாண்டு முடிவில் 47 ரூபாய் இருந்தது. அது 79 விழுக்காடு ஏறி 84 ரூபாய் ஆனது. சராசரி லாபம் 13, கையில் நட்டம் 16. விளம்பரத் தாள்களில் வெறும் சராசரியைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு ஏறி இறங்கும் ஒன்றில் கூட்டு வளர்ச்சி விகிதத்தை மட்டுமே நம்பலாம்.

குறியீட்டின் எண்ணையும் நிதியின் விலையையும் ஒப்பிட்டு, தேதிக்குத் தேதி பொருந்தவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணங்கள் பல. குறியீட்டையே மூன்று விதமாக வெளியிடுகிறார்கள். வெறும் விலை ஒன்று, டிவிடெண்டு முழுவதும் சேர்த்தது ஒன்று, வெளிநாட்டவருக்குப் பிடிக்கப்படும் வரியைக் கழித்துக்கொண்டு டிவிடெண்டைச் சேர்த்தது ஒன்று. 2007 முடிவிலிருந்து 2024 முடிவுவரை முதல் வகை சுமார் 14 விழுக்காடு குறைந்தது. மூன்றாம் வகை சுமார் 30 விழுக்காடு கூடியது. ஒரே குறியீடு, ஒரே காலம். நிதியோ தன் நிர்வாகச் செலவாக ஆண்டுக்கு ஏறக்குறைய 0.7 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. 17 ஆண்டுகளில் அது பத்து விழுக்காட்டுக்கு மேல் தின்றுவிடும். அதே நிறுவனம் 2012-இல் தொடங்கிய இன்னொரு வளர்ந்துவரும் சந்தைகள் நிதியின் செலவு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. இதைச் சொல்லும்போது எனக்கே சற்று எரிச்சலாகத்தான் இருக்கிறது. பழைய வாடிக்கையாளர் எங்கும் போகமாட்டார் என்ற கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

தேதிப் பொருத்தமின்மைக்கு நேரமும் ஒரு காரணம். நியூயார்க் சந்தை நம் கடிகாரப்படி கோடைக்காலத்தில் இரவு ஏழு மணிக்கும் குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் திறக்கிறது. அதற்குள் தைவான், கொரியா, சீனா, இந்தியா ஆகிய சந்தைகள் மூடி வெகு நேரமாகியிருக்கும். நிதியில் இருக்கும் பெரும்பாலான பங்குகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அவை நாளை என்ன விலைக்குத் திறக்கும் என்ற கணிப்பிலேயே யூனிட் அங்கே கைமாறுகிறது. ஆகவே ஆசியாவில் செவ்வாய்க்கிழமை நடக்கப்போவதன் ஒரு பகுதி, யூனிட்டின் திங்கட்கிழமை விலையிலேயே ஏறிவிடுகிறது. யூனிட்டின் சந்தை விலையும் என்.ஏ.வி.யும் (நிதியிடம் உள்ள பங்குகளின் மதிப்பிலிருந்து கணக்கிடப்படும் யூனிட் மதிப்பு) ஒரே நாளில் வேறுபடுவதற்கும் இதுவே முதன்மைக் காரணம். தனித்தனி நாட்களின் ஒப்பீட்டில் இது பெரிதாகத் தெரியும். ஆண்டுக் கணக்கில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பழைய விலையைப் பார்க்கும்போது, அது எந்தப் பொருளின் விலை என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் குறியீடு 1988-இல் பத்து நாடுகளோடு தொடங்கியது. இந்தியா 1994-இல்தான் உள்ளே வந்தது, சீனா 1996-இல். கிரேக்கம் 2001-இல் வளர்ந்த நாடு என்று தேர்ச்சி பெற்று வெளியேறி, கடன் நெருக்கடிக்குப் பிறகு 2013-இல் மீண்டும் கீழ் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. கொரியாவை எம்எஸ்சிஐ வளர்ந்துவரும் நாடாகவே வைத்திருக்கிறது, எஃப்டிஎஸ்இ என்ற இன்னொரு குறியீட்டு நிறுவனம் வளர்ந்த நாடாகக் கருதுகிறது. வேன்கார்ட் நிறுவனத்தின் வளர்ந்துவரும் சந்தைகள் நிதி 2013-இல் எம்எஸ்சிஐ குறியீட்டை விட்டு எஃப்டிஎஸ்இ குறியீட்டுக்கு மாறியது. ஆகவே அதன் பழைய விலை வரிசை இரண்டு வெவ்வேறு துணிகளை ஒட்டுப்போட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் தையல் தெரிவதில்லை. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை அடுத்து, ரஷ்யப் பங்குகளை எம்எஸ்சிஐ ஏறக்குறைய சுழியம் விலையில் குறியீட்டிலிருந்து நீக்கியது. ஒரு நாட்டின் பங்குகள் முழுவதும் மதிப்பற்றுப்போன அந்த நிகழ்வு உங்கள் பட்டியலில் வேறெந்த மோசமான மாதத்தையும் போலத்தான் தெரிகிறது. நீங்கள் வாங்கியபோது எண்ணெய், சுரங்கம், வங்கி ஆகியவற்றின் பக்கம் சாய்ந்திருந்த நிதி, இப்போது தைவானின் டிஎஸ்எம்சி போன்ற மின்னணுச் சில்லு நிறுவனங்களின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2020-இல் சீனா மட்டுமே குறியீட்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இருந்தது. பிறகு அது வெகுவாகக் குறைந்தது. 2007-இன் 50 டாலரும் 2024-இன் 42 டாலரும் ஒரே பெட்டியின் விலைகள், உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

இந்தச் சரக்கில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2024-இல் இந்தக் குறியீட்டில் இந்தியாவின் பங்கு ஐந்தில் ஒன்றை நெருங்கியிருந்தது. அதாவது இராயபுரத்தில் வசிக்கும் நீங்கள், அமெரிக்கா வழியாகச் சுற்றிப் போய், அங்கே செலவும் வரிப் பிடித்தமும் கொடுத்து, ரிலையன்ஸையும் எச்டிஎஃப்சி வங்கியையும் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருப்பவருக்கு இந்த நிதி பொருத்தமான பொருளாக இருக்கலாம். இந்தியாவில் இருப்பவருக்கு அதன் ஒரு பகுதி வீண் சுற்று.

வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு என் கருத்து இது. பழைய விலைகளை எவ்வளவு ஆராய்ந்தாலும் அடுத்த பத்தாண்டின் விலை அதில் கிடைக்காது. நாட்டின் வளர்ச்சி விகிதத்தை வைத்து ஊகிப்பதும் உதவாது. சீனாவின் பொருளாதாரம் பல மடங்கு பெருகிய அதே ஆண்டுகளில் அங்கே நிறுவனங்கள் புதிது புதிதாகப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருந்ததால், பழைய பங்குதாரருக்குக் கிடைத்த பங்கு மெலிந்துபோனது. ஆனால் செலவு விகிதம் ஊகமல்ல. ஒவ்வோர் ஆண்டும் நிச்சயமாகப் போகும் பணம். இந்தியாவுக்கு வெளியே ஒரு பகுதிச் சேமிப்பு இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், இந்த 0.7 விழுக்காட்டு நிதியில் அதை வைத்திருக்க எனக்குத் தெரிந்து காரணம் எதுவும் இல்லை. அப்படி விருப்பம் இல்லையென்றால், 30 யூனிட்டுக்காக வெளிநாட்டுக் கணக்கு, வெளிநாட்டுச் சொத்து அறிவிப்பு, டாலர் மாற்று என்று ஆண்டுதோறும் அலைவது உங்கள் வயதில் தேவையற்ற சுமை. நானாக இருந்தால் விற்றுவிடுவேன். 150-க்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் காத்திருக்க வேண்டிய 150 என்ற விலையே இப்போது கிடையாது. உங்கள் அசல் விலை யூனிட்டுக்கு 50. அதைத்தான் நிதி 2025-இல் கடந்துவிட்டது.

இனி வரிப் படிவம். வாங்கிய விலைக்கு எந்தப் பட்டியலையும் பார்க்காதீர்கள். காண்ட்ராக்ட் நோட்டில் உள்ள மொத்தத் தொகையான 1,500 டாலரும் அதில் காட்டிய தரகும்தான் உங்கள் அடக்கவிலை. 30-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 50 டாலரும் தரகில் அதன் பங்கும். இங்கே இரண்டு தவறுகள் நடக்க வாய்ப்பு உண்டு. 30 யூனிட்டையும் 150-ஐயும் பெருக்கி 4,500 டாலர் அடக்கம் என்று எழுதினால் இல்லாத நட்டத்தைக் காட்டியவராவீர்கள். துறை கேட்டால் பதில் இருக்காது. அட்ஜஸ்டட் குளோஸ் எண்ணான 35-ஐ எடுத்து 1,050 டாலர் என்று எழுதினால், இல்லாத லாபத்துக்கு வரி கட்டியவராவீர்கள். டிவிடெண்டுக்கு ஒருமுறை வரி கட்டிவிட்டு, அதே டிவிடெண்டு கழிக்கப்பட்ட விலையை அடக்கமாக வைத்து மறுபடியும் கட்டுவது போன்றது அது.

வெளிநாட்டுச் சொத்து அறிவிப்பில் கேட்கப்படும் உச்ச மதிப்பு நிதியாண்டுக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையான ஆண்டுக்கு. 2024-இல் அந்த உச்சம், சீன அரசின் ஊக்க அறிவிப்புகளை ஒட்டி அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. உங்கள் மகள் எடுத்த பட்டியலில் அந்த வாரத்தின் ‘குளோஸ்’ கட்டத்தைப் பாருங்கள். அட்ஜஸ்டட் கட்டத்தைப் பார்த்தால் டிசம்பர் டிவிடெண்டு கழிந்து, குறைத்துக் காட்டியதாகிவிடும். அந்த விலையை 30-ஆல் பெருக்கி, அதே நாளில் ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விகிதத்தில் ரூபாயாக்க வேண்டும். டிசம்பர் 31-ஆம் நாள் மதிப்புக்கு அந்த நாளின் விகிதம். பெறப்பட்ட டிவிடெண்டைப் பணமாக எடுக்காவிட்டாலும் தனியே காட்ட வேண்டும். அங்கே பிடித்த வரிக்கு இங்கே வரவு கோரலாம். அசையாச் சொத்து அல்லாத வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், அறிவிக்கத் தவறியதற்கான 10 லட்சம் ரூபாய் அபராதம் 2024 அக்டோபர் முதல் விதிக்கப்படுவதில்லை. ஆனால் அறிவிக்க வேண்டிய கடமை நீங்கிவிடவில்லை. கடந்த ஆண்டுப் படிவங்களில் இது விடுபட்டிருந்தால், படிவம் நிரப்புபவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விற்றால், 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்ததால் இப்போதைய விதிப்படி நீண்டகால மூலதன ஆதாயமாகி 12.5 விழுக்காடு வரி வரும். 50-க்கு மேல் விற்கும் ஒவ்வொரு டாலருக்கும் எந்த விகிதத்தில் ரூபாய் கணக்கு என்பதை விற்பதற்கு முன்பே அவரிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

புரோக்கரிடம் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள். 2008 ஜூலையில் 10 யூனிட் 30 ஆன பதிவு ஒன்று, இதுவரை வந்த எல்லா டிவிடெண்டுகளும் பிடித்தங்களும் அடங்கிய அறிக்கை இன்னொன்று. அவற்றைக் காண்ட்ராக்ட் நோட்டோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள், மகளுக்கும் ஒரு நகல் கொடுங்கள். 2012-இல் எடுத்த பிரிண்டை மட்டும் அந்த உறையில் வைக்க வேண்டாம்.